லூப் ஹேபிட் டிராக்கர்: நெடுநாள் குறிக்கோளுக்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், கம்பராமாயணத்தை முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை உரையோடு படித்து முடிப்பது என்று முடிவு செய்தேன். பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். தமிழை முறையாகப் பயின்றவன் அல்லன். உரையைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு பாடலிலும் நகர முடியும். ஆறு காண்டங்களிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும் என்பதால், கணக்குக்காக 10,500 என்று வைத்துக்கொண்டேன். நாளொன்றுக்கு 10 பாடல் என்றால் 1,050 நாள். மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. படித்து முடித்ததும் ஒரு பங்குனி மாதத்தில் சிவகங்கை மாவட்டத்து நாட்டரசன்கோட்டைக்குப் போய், கம்பர் நினைவிடத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்பது ஆசை. இத்தனை நீண்ட முயற்சியைக் கண்காணிக்க எனக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அதற்காகத் தேர்ந்தெடுத்து இன்று வரை பயன்படுத்திவரும் லூப் ஹேபிட் டிராக்கர் என்னும் கைப்பேசிச் செயலியைப் பற்றி, இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இதற்கு முன் இரண்டு வழிகளில் முயன்று கைவிட்டிருக்கிறேன். முதலாவது, ஆண்டுத் தொடக்கத்தில் கிடைக்கும் நாட்குறிப்பேடு. அதில் தை, மாசிப் பக்கங்கள் நிரம்பியிருக்கும். பள்ளித் தேர்வுகள் தொடங்கும் பங்குனியிலிருந்து வெற்றுப் பக்கங்களே இருக்கும். இரண்டாவது, சந்தா கட்டிப் பயன்படுத்திய ஒரு செயலி. அதன் பெயர் இங்கே தேவையில்லை. அந்த வகைச் செயலிகள் பல உள்ளன. தொடர்ந்து எத்தனை நாள் செய்தோம் என்ற ஒரே எண்ணைத்தான் அது முன்னிறுத்தியது. 64 நாள் விடாமல் படித்த பிறகு, காய்ச்சலில் ஒரு நாள் படுத்ததும் அந்த எண் பூச்சியமாகிவிட்டது. அறுபத்து நான்கு நாள் படித்த பாடல்கள் என் நினைவில்தான் இருந்தன. ஆனால் திரையில் தெரிந்த பூச்சியம் என் மனத்தை முறித்துவிட்டது. அந்த வாரமே புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு கருவி பயனரின் ஒரு நாள் தவறை எப்படிக் கணக்கில் கொள்கிறது என்பதுதான் அதன் மிக முக்கியமான பண்பு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லூப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணமும் அதுவே.

லூப் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான இலவசச் செயலி. ஐஃபோன் வைத்திருப்போர் வேறொன்றைத்தான் தேட வேண்டும். இது திறமூல மென்பொருள். நிரல் முழுவதும் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லி மின்னஞ்சல் முகவரியோ தொலைபேசி எண்ணோ கேட்பதும் இல்லை. கூகுள் பிளே ஸ்டோரிலும், திறமூலச் செயலிகளுக்கான தளமாகிய எஃப்-டிராய்டிலும் கிடைக்கிறது. முகப்பில் ஒரே பட்டியல்தான்: இடப்பக்கம் பழக்கங்களின் பெயர்கள், அவற்றுக்கு நேராக அண்மைய நாட்கள். செய்த நாளுக்குச் சரிக்குறி, செய்யாத நாளுக்குப் பெருக்கல் குறி. குறியை மாற்றுவதற்கு விரலைச் சற்று அழுத்தி வைக்க வேண்டும். கை தவறிப் பட்டுப் பதிவு மாறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு, வேண்டாதவர்கள் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். பூச்செண்டும் வாழ்த்தும் பதக்கமும் திரையில் பாய்ந்து வருவதில்லை. எனக்கு அந்த அமைதி பிடித்திருக்கிறது.

பழக்கத்தை இரண்டு வகையாகப் பதியலாம். ஆம், இல்லை என்று விடை சொல்லும் வகை ஒன்று. அளவைக் குறிக்கும் வகை மற்றொன்று. கம்பராமாயணத்தை இரண்டாம் வகையில் வைத்து, அலகு பாடல், இலக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 என்று கொடுத்தேன். இரவு எட்டரை மணிக்கு நினைவூட்டல் வரும். அன்று ஏழு பாடல்தான் படிக்க முடிந்தது என்றால் 7 என்று எழுதுகிறேன். அதற்குரிய பங்கு கணக்கில் சேர்கிறது. பத்துக்குக் குறைந்தால் ஒன்றுமே செய்யாததாக எடுத்துக்கொள்ளாத இந்த நேர்மை, கடினமான பகுதிகளில் பேருதவியாக இருந்தது. ஆரணிய காண்டத்தில் சில பாடல்களின் உரையோடு ஒரு மாலை முழுவதும் கழிந்த நாட்கள் உண்டு. அன்று மூன்று பாடல் என்று எழுதிவிட்டு நிம்மதியாக உறங்க முடிந்தது.

இச்செயலியின் உயிர் அதன் மதிப்பெண் முறையில் இருக்கிறது. ஆகவே அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பழக்கத்துக்கும் 0 முதல் 100 விழுக்காடு வரை ஒரு மதிப்பெண் உண்டு. நாள்தோறும் செய்ய வேண்டிய ஒன்றை நீங்கள் செய்துவிட்டால், நூறை எட்ட இன்னும் எவ்வளவு குறைகிறதோ அதில் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடும். செய்யாமல் விட்டால், கையில் இருக்கும் மதிப்பெண்ணில் ஏறத்தாழ 5 விழுக்காடு கழியும். பூச்சியத்தில் தொடங்கி ஒரு நாளும் விடாமல் செய்பவர் 30 நாளில் 80 விழுக்காட்டையும், 60 நாளில் 96 விழுக்காட்டையும், 90 நாளில் 99 விழுக்காட்டையும் தொடுவார். மறுபுறம், நூறை நெருங்கியவர் 13 நாள் தொடர்ந்து விட்டுவிட்டால் மதிப்பெண் பாதியாகும். அடுக்குக்குறிச் சமன் முறை என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான்: அண்மை நாட்களுக்கு அதிக எடை, பழைய நாட்களுக்குப் படிப்படியாகக் குறையும் எடை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, பூச்சியத்துக்கு எப்போது வரும் என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்கின்படி ஒருபோதும் முழுமையாக வராது என்பதைச் சொன்னதும் அவள் முகத்தில் தெரிந்த வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்த மென்மை வெறும் ஆறுதலுக்கானதன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகலாம் என்றும், ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடலாம் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். இருபத்தொரு நாளில் எதையும் பழக்கிவிடலாம் என்று மேடைதோறும் சொல்லப்படுவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் தம்மைத் தாமே நொந்துகொள்வோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது அவர்களுடைய இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. நான் முன்பு பயன்படுத்திய செயலியின் பூச்சியம் இந்த உண்மைக்கு எதிராக நின்றது. லூப்பின் கணக்கு அதனோடு ஒத்துப்போகிறது.

அதன் மதிப்பை நான் முழுதாக உணர்ந்தது முதலாண்டின் ஆவணி மாதத்தில். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, 18 நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த நாட்களில் ஒரு பாடலும் படிக்கவில்லை. 98 விழுக்காட்டில் இருந்த மதிப்பெண் 38க்கு இறங்கியது. வீடு திரும்பிய பின் ஒரு இரவு செயலியைத் திறந்தபோது அந்த 38 எனக்கு வலித்தது. ஆனால் அது பூச்சியம் அன்று. நான் எங்கே விட்டேன், எவ்வளவு விட்டேன் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லும் எண்ணாக இருந்தது. அன்றிரவே பத்துப் பாடல் படித்தேன். பதின்மூன்று நாளில் 69, ஒரு மாதத்தில் 87 என்று கோடு மேலேறியது. அதன் வரைபடத்தில் அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது என்ன என்பதை அறியாதவருக்கு அது ஒரு வளைகோடு. எனக்கு அது அந்த ஆவணி மாதம்.

விலக்கு நாள் என்று குறிக்கும் வசதியும் இதில் உண்டு. அதை அமைப்புகளில் இயக்கிக்கொண்டால், விலக்கு என்று குறித்த நாளில் மதிப்பெண் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, தொடர்ச்சியும் அறுபடாது. மருத்துவமனை நாட்களுக்கு அதை நான் நடைப்பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்தினேன். வார்டை விட்டு அகல முடியாதவன் நடக்கவில்லை என்பது தவறு ஆகாது. படிப்பைப் பொறுத்தவரை, புத்தகம் பையில்தான் இருந்தது. படிக்க மனம் இல்லை என்பதே உண்மை. ஆகவே அங்கே பூச்சியம் என்றே பதிந்தேன். இந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தத் தொடங்கினால் பதிவேடு நம்மை ஏமாற்றத் தொடங்கும். எந்தக் காரணத்துக்கு விலக்கு, எதற்கு இல்லை என்பதை முதல் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனி, இச்செயலியின் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். நீண்ட காலக் குறிக்கோள் வைத்திருக்கும் எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் லூப்பை நம்பி இருந்துவிடக் கூடாது.

இரண்டாம் ஆண்டு முடிவில் என் மதிப்பெண் 96 விழுக்காடு. அந்த எண்ணைப் பார்த்து, எல்லாம் சரியாகப் போகிறது என்றே எண்ணியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டை வரைபடத்தில் ஆண்டுக் கூட்டுத்தொகைகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 730 நாளில் 7,300 பாடல் படித்திருக்க வேண்டும், படித்தது 6,140. அதாவது 1,160 பாடல், நாட்கணக்கில் 116 நாள், ஏறத்தாழ நான்கு மாதம் பின்தங்கியிருந்தேன். மருத்துவமனை நாட்கள், தேர்வுத்தாள் திருத்தும் பணிக்குப் போன வாரங்கள், ஏழும் ஐந்துமாகப் படித்த எத்தனையோ மாலைகள் எல்லாம் சேர்ந்த கடன் அது. மதிப்பெண் அண்மைய வாரங்களையே பெரிதும் பார்க்கிறது. பழைய தவறுகளை அது மன்னித்துவிடுகிறது. பழக்கத்துக்கு அந்த மன்னிப்பு நல்லது. ஆனால் படிக்காமல் விட்ட பாடல்கள் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. பழக்கம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற கேள்விக்கும், இன்னும் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்ற கேள்விக்கும் விடை வேறு வேறு. லூப் முதல் கேள்விக்கு மிகச் சிறந்த விடையைத் தருகிறது; இரண்டாம் கேள்வியை அது கேட்பதே இல்லை. மொத்த இலக்கு 10,500, முடிக்க வேண்டிய நாள் இன்னது என்று பதிய இடமே கிடையாது.

நியாயமாகச் சொன்னால், அளவு வகைப் பழக்கங்களுக்கு இலக்கு என்றொரு பகுதி இருக்கிறது. இந்த வாரம், இந்த மாதம், இந்தக் காலாண்டு, இந்த ஆண்டு ஆகியவற்றில் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மீதம் என்பதை அது காட்டும். காலாண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்திருந்தால் பின்தங்கியது முன்பே தெரிந்திருக்கும். எனினும் அது ஆண்டு எல்லையைத் தாண்டிச் சேர்த்துச் சொல்வதில்லை. மூன்று ஆண்டுக் குறிக்கோளுக்கு அது போதாது. இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில், ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் மூன்று எண்களை மட்டும் எழுதுகிறேன்: படித்து முடித்த மொத்தப் பாடல், படித்திருக்க வேண்டிய மொத்தம், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. இதற்கு இரண்டு நிமிடம் ஆகிறது. இந்த நோட்டு இல்லாமல் லூப்பைத் தனியாக நீண்ட காலக் குறிக்கோளுக்கு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நடைப்பயிற்சியை ஆம், இல்லை வகையில், வாரத்துக்கு 5 நாள் என்று வைத்திருக்கிறேன். நாளுக்கு அரை மணி நேரம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு அது. ஐந்து நாள் நடந்துவிட்டால் மீதி இரண்டு நாளுக்கும் செயலியே மங்கலான சரிக்குறி இட்டுவிடும். ஓய்வு நாளைக் குற்றமாக்காத இந்த ஏற்பாடு மிகச் சரியானது. எந்தக் கிழமையில் அதிகம் நடக்கிறோம் என்று மாதவாரியாகப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடமும் உண்டு; திங்கட்கிழமைப் புள்ளிகள் மட்டும் தொடர்ந்து சிறுத்திருப்பதை அதில்தான் கண்டேன், திங்களன்று நடப்பதை மாலைக்கு மாற்றினேன். ஆனால் நான் நடப்பது இரத்தச் சர்க்கரைக்காக. அதன் விடை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனைத் தாளில் இருக்கிறதே தவிர, சரிக்குறிகளில் இல்லை. அந்தத் தாள்களைக் கோப்பில் தனியே வைத்திருக்கிறேன்.

மகளின் படிப்புக்கான சேமிப்பையும் தொடக்கத்தில் இதில் மாதம் ஒருமுறை என்று சேர்த்திருந்தேன். சில மாதங்களில் நீக்கிவிட்டேன். அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். தொடங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு பணம் கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிர்வு. எங்கள் வீட்டில் இதைவிட நீண்ட குறிக்கோள் வேறெதுவும் இல்லை. அதற்குரிய கண்காணிப்புக் கருவியை அஞ்சலகமே கையில் கொடுத்திருக்கிறது. பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியும் மொத்த இருப்பைச் சொல்கிறது. லூப்பில் இல்லாதது அந்த ஒரு பத்திதான்.

தரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவுகள் எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கின்றன. கைப்பேசி, கணினி, கைக்கணினி எல்லாவற்றிலும் தானாக ஒத்திசைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றம் தரும். செயலிக்கெனக் கணக்கு இல்லாததால், காப்புநகலை நாமே எடுத்து வைப்பதுதான் பாதுகாப்பு. அமைப்புகளில் முழுக் காப்புநகல் எடுக்கும் வழி இருக்கிறது. விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகவும் ஏற்றுமதி செய்யலாம். சென்ற ஆண்டு கைப்பேசியை மாற்றியபோது காப்புநகல் கோப்பை மின்னஞ்சலில் எனக்கே அனுப்பிக்கொண்டு, புதிய கைப்பேசியில் இறக்குமதி செய்தேன். முதல் நாளிலிருந்து எல்லாப் பதிவுகளும் அப்படியே வந்து சேர்ந்தன. சந்தா நின்றால் சொந்தப் பதிவுகளையே பார்க்க முடியாத நிலையை முன்பு அனுபவித்தவன் என்ற முறையில், என் உழைப்பின் கணக்கு என் கையிலேயே இருப்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பத்தாண்டு, பதினைந்தாண்டுக் குறிக்கோள்களைப் பதிபவர் எந்தக் கருவியை எடுத்தாலும், பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் பட்டியலில் மூன்றுக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் ஒன்பது பழக்கங்களோடு தொடங்கினேன். அதிகாலை எழுதல், தண்ணீர் குடித்தல் என்று சேர்த்தவையெல்லாம் இரண்டு மாதத்தில் வெறும் பெருக்கல் குறிகளாகி, முக்கியமான இரண்டையும் பார்க்க விடாமல் கண்ணை உறுத்தின. அமைப்புகளில், பதிவு செய்யாத நாட்களுக்குக் கேள்விக்குறி காட்டும் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள்; அப்போதுதான் செய்யாமல் விட்ட நாளும், செய்தும் பதிய மறந்த நாளும் வேறுவேறாகத் தெரியும். நாளுக்குரிய குறிப்பு எழுதும் இடம் சிறியது. ஆயினும் விட்ட நாளின் காரணத்தை இரண்டு சொல்லில் அதில் எழுதி வைத்தால், ஆண்டு முடிவில் பார்க்கும்போது அந்தச் சொற்கள் வரைபடத்தைவிட அதிகம் சொல்லும். முகப்புத் திரையில் விட்ஜெட் வைத்துக்கொள்வது வசதி. நினைவூட்டலைத் தள்ளிவிடுவது எளிது, திரையில் எப்போதும் நிற்கும் கட்டத்தைப் பார்க்காமல் இருப்பது அவ்வளவு எளிதன்று.

நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்து சேர்க்க வேண்டிய எதற்கும், அதாவது படிப்பு, இசைப் பயிற்சி, நடை, எழுத்து போன்றவற்றுக்கு, விலையில்லாமல் கிடைக்கும் இச்செயலியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஒரே நாளில் முடிவாகும் காரியங்களுக்கும், பல கட்டங்களாகப் பிரித்துத் திட்டமிட வேண்டிய வீடு கட்டுதல் போன்றவற்றுக்கும் இது உதவாது.

நாள் இலக்கை 12 பாடலாக மாற்றியிருக்கிறேன். மீதமுள்ள 4,360 பாடல்களுக்கு அந்தக் கணக்கில் 364 நாள். இந்த வாரம்தான் யுத்த காண்டத்துக்குள் வந்தேன். ஆறு காண்டங்களில் அதுவே மிகப் பெரியது. நோட்டில் வேறுபாட்டுப் பத்தியில் 1,160 என்று எழுதியிருக்கிறது. நேற்றிரவு பதினான்கு பாடல் படித்தேன்.